வெள்ளைத் துணி கட்டிய மரம்

போன மாதம் சங்கீதா போன் செய்தாள். எங்கள் தோட்டக்கலை ஆபீசில் புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பெண். நான் ஓய்வு பெற்று இரண்டு வருஷம் ஆகப்போகிறது. ஆனாலும் பூச்சி என்று யாராவது வாயைத் திறந்தால் இன்னும் என் நம்பரைத்தான் கொடுக்கிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன்.

“சார், படவேட்டுப் பக்கம் தென்னை ஓலையில வெள்ளையா ஒரு பூச்சி வந்துனு இருக்குது. மொதல்ல எந்தத் தோப்புல ஆரம்பிச்சுதுன்னு பாக்கச் சொல்றாங்க. நீங்க மலையில இந்த மாதிரி ஒண்ணு கண்டுபுடிச்சீங்களாமே, எப்டி சார்?”

பத்து நிமிஷம் விளக்கமாகச் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். “அவ்ளோதானா சார்? ஈசியாத்தான் இருக்குது” என்றாள். “ஈசிதாம்மா” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. அவளிடம் வேலையைச் சொன்னேனே தவிர, அந்த வேலையில் நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளலாம், வயதாகிவிட்டது, தாங்கிக்கொள்வேன்.

பயிற்சியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது ஒட்டுக் கட்டுவது, குழி எடுப்பது, மருந்து கலப்பது, இவ்வளவுதான். முடித்ததும் ஜவ்வாது மலைக்குக் களப்பணியாளராகப் போட்டார்கள். கீழே படவேட்டுக்குப் பக்கத்தில் சொந்த வீடும் கொஞ்சம் நிலமும் இருந்ததால், ஒரு வருஷத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு இறங்கிவிடலாம் என்று கணக்குப் போட்டேன். மலை விடவில்லை. சாமை விதைப்பையும் புளி உலுக்கலையும் பார்த்தபடி அங்கேயே தலை நரைத்தது.

நாங்கள் அந்த நாளில் மலை ஜனங்களுக்கு மிளகுக் கொடி கொடுத்து நடச் சொன்னோம். கொடி ஏறுவதற்கு ஒரு மரம் வேண்டும். கல்யாண முருங்கை அதற்கு ரொம்ப வசதி. ஒரு கிளையை ஒடித்து நட்டால் போதும், மூன்று வருஷத்தில் கொடியைத் தாங்கும். சாப்பிடுகிற முருங்கையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். இது முள்ளும் சிவப்புப் பூவுமாக நிற்கும். அகலமான இலையை அரைத்து, அரிசி மாவோடு சளிக்கு அடை தட்டுவோமே, அந்த மரம்.

அத்திக்கொல்லை என்ற சின்ன ஊரில் முதலில் மிளகு நட்டவர் காளியம்மா. புருஷன் செத்த பிறகு ஒரே மகன் வேடியப்பனை வைத்துக்கொண்டு, சரிவு முழுக்க கல்யாண முருங்கை நட்டு, மரத்துக்கு மரம் கொடி ஏற்றியிருந்தார். வாய் பெரிய வாய். நான் போனால், “வாங்க சாரு, இன்னா, இன்னிக்கு ஆபீசுல உங்கள தொரத்திட்டாங்களா?” என்றுதான் வரவேற்பார். ஆனால் களி கிண்டிப் போடாமல் அனுப்ப மாட்டார்.

வேடியப்பனுக்குக் கல்யாணம் நிச்சயமானது. இரண்டு மேடு தள்ளி இருக்கும் ஊர்ப் பெண், பெயர் செல்வி. கல்யாணப் பந்தலில் கல்யாண முருங்கைக் கிளையை நட்டு, மஞ்சள் பூசித் துணி கட்டி, அதற்கு முன்னால்தான் தாலி கட்டுவார்கள். மரத்துக்கு அந்தப் பெயரே அதனால் வந்ததுதான், அந்தக் கிளையைக் கல்யாணக் கால் என்பார்கள். கல்யாணம் முடிந்ததும் அந்தக் கிளையை வாசலில் நட்டு, புது மருமகள் தினமும் தண்ணீர் ஊற்றுவாள். துளிர்த்தால் அவள் கால் வைத்த நேரம் நல்ல நேரம். துளிர்க்காவிட்டால் யாரும் எதுவும் வெளியே சொல்ல மாட்டார்கள், ஆனால் பார்த்துக்கொண்டே இருப்பார்கள்.

சரிவு முழுக்க அந்த மரத்தை வைத்துக்கொண்டு காளியம்மா என்னிடம் கிளை கேட்டார்.

“கொடி பூ எடுக்கப் போற நேரம் சாரு. கொடி ஏறின மரத்துல கத்தி வெக்க மாட்டேன். உங்க கொல்லையில வேலி ஓரம் நிக்குதுன்னு சொன்னீங்களே, அதுல நல்லதா ஒண்ணு கொண்டாந்து குடுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. மலை வீட்டுக் கல்யாணத்துக்கு என் கொல்லையிலிருந்து கால். விடியற்காலையில் எழுந்து, வேலியில் இருந்ததிலேயே நேரான கிளையாகப் பார்த்து வெட்டினேன். நுனியில் இருந்த இலைகளை மட்டும் விட்டேன். இலைக்காம்புகள் வழக்கத்தைவிடத் தடிமனாக, முண்டும் முடிச்சுமாக இருந்தன. கோடை மழை பெய்திருந்தது. நல்ல தண்ணீர் குடித்துக் கொழுத்திருக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன். மரங்களைப் பார்ப்பதற்கென்று சம்பளம் வாங்குகிறவன் நான்.

போளூரில் மலை பஸ் ஏறினேன். கண்டக்டர் கிளையைப் பார்த்துவிட்டு, “கல்யாணக் காலுக்கு டிக்கெட் வேணாம் சாரு, கூட வர்ற மாமனுக்குத்தான் டிக்கெட்டு” என்றார். பஸ்ஸே சிரித்தது. கல்யாணத்தில் காளியம்மா என்னை முன்னால் இழுத்து, “கால் கொண்டாந்தவரு நீங்க. இனிமே செல்விக்கு நீங்க அண்ணன் மொற” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். தலை நிமிராமல் இருந்த அந்தப் பெண் அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்குக் கூடப்பிறந்த தங்கை கிடையாது. அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தேன்.

கிளை துளிர்த்தது. காளியம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

ஆவணி கடைசியில் வேடியப்பன் ஆபீசுக்கு வந்தான். மரங்களில் இலை சுருண்டு கொட்டுகிறது, காம்பெல்லாம் வீங்கிப் போகிறது என்றான். அப்போது எங்களுக்கு அதிகாரியாக வந்து சில மாதமே ஆகியிருந்தவர் மரகதம் மேடம். ஒல்லியான உடம்பு, சத்தமில்லாத குரல். வேடியப்பன் எந்த மரத்தில், எந்த நாளில் என்று அழ மாட்டாக் குறையாகச் சொல்லிக்கொண்டே போனான். மேடம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கதை கேட்டுட்டேன்பா. இலை எங்க?” என்றார். அதுதான் அவர் வழக்கம். யார் என்ன சொன்னாலும் கடைசியில் இலை கேட்பார்.

மறுநாள் அவரோடு அத்திக்கொல்லைக்குப் போனேன். அடுத்தவர் வாசலில் அவர் செருப்போடு கால் வைக்க மாட்டார். கட்டில் போட்டால், வீட்டில் பெரியவர் உட்கார்ந்த பிறகுதான் உட்காருவார். பென்சிலில்தான் எழுதுவார், மழையில் மை கரையும் என்று. வீங்கிய ஒரு காம்பை வெள்ளைத் தாளில் வைத்து, பிளேடால் நீளவாக்கில் பிளந்தார். உள்ளே சின்னச் சின்ன அறைகள். அறைக்கு ஒன்றாக வெள்ளைப் புழு. எள்ளில் பாதிகூட இராது. லென்சை முதலில் காளியம்மாவிடம் கொடுத்தார்.

“அடியாத்தா, இதுவா எம் மரத்தத் தின்னுது?” என்றார் காளியம்மா.

“இது நம்ம ஊர்ப் பூச்சி இல்லீங்கம்மா. எங்கேயோ வெளிநாட்டுலேர்ந்து வந்தது. ஒரு மாதிரி குட்டிக் குளவி. இலைக்குள்ள முட்டை வெச்சா அந்த எடம் இப்படி வீங்கிடும். வளர்ந்ததும் ஓட்டை போட்டுக்கிட்டுப் பறந்து, அடுத்த மரத்துக்குப் போயிடும். துளிர் வர வர இது தின்னா மரம் எத்தனை நாளைக்குத் தாங்கும்?”

எங்கிருந்து ஆரம்பித்தது என்று தெரிந்தால்தான் எதுவரை வெட்டி அழிப்பது என்று முடிவு செய்ய முடியும். அதற்கு மேடம் சொன்ன முறை இதுதான். மரத்துக்கு நான்கு பக்கமும் ஒவ்வொரு கொத்து பறிக்க வேண்டும். வீக்கத்தில் ஓட்டை இருந்தால் பூச்சி வெளியேறிவிட்டது, பழைய தாக்குதல். ஓட்டை இல்லாவிட்டால் உள்ளே இருக்கிறது, புதிது. ஓட்டை அதிகம் இருக்கும் மரத்தில் சிவப்புத் துணி, ஓட்டை இல்லாத மரத்தில் வெள்ளைத் துணி. எல்லாம் கட்டி முடித்ததும் எதிர்ப் பாறையில் ஏறி நின்று பார்த்தால், சிவப்பு எங்கே கூடி நிற்கிறதோ அதுதான் ஆரம்பம். சங்கீதாவிடம் நான் சொன்னது இந்த இடம் வரைக்கும்தான்.

துணி கட்டுகிற வேலை என்னுடையது. இரண்டு நாள் கட்டினேன். சரிவின் ஓரத்திலிருந்து வீட்டை நெருங்க நெருங்க வெள்ளை குறைந்து சிவப்பு கூடிக்கொண்டே வந்தது. கடைசியாக வாசலில் நின்றேன். நான் கொண்டுவந்த கல்யாணக் கால், ஆளுயரம்கூட வளரவில்லை. பாதி இலை காய்ந்து தொங்கியது. ஒரு காம்பை எடுத்துப் பார்த்தேன். சல்லடை மாதிரி ஓட்டை. கல்யாணத்தன்று நான் பார்த்துச் சந்தோஷப்பட்ட முண்டும் முடிச்சும் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

அந்த மரத்தில் நான் வெள்ளைத் துணியைக் கட்டினேன்.

பாறையில் ஏறி நின்று மேடம் வெகுநேரம் பார்த்தார். “சிவப்புக்கு நடுவுல ஒரே ஒரு வெள்ளை இருக்கே?” என்றார். “புதுசா நட்டது மேடம், எளங்கிளை” என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுப் பென்சிலால் குறித்துக்கொண்டார்.

வீட்டுக்குப் போனதும் வேலிக்கு ஓடினேன். என் மரங்கள் எல்லாமே வீங்கிக் கிடந்தன. யாரிடமும் சொல்லவில்லை. வேலை போய்விடுமோ என்ற பயம் கொஞ்சம். காளியம்மா முகத்தில் எப்படி முழிப்பது என்ற வெட்கம்தான் அதிகம். எப்படியும் எல்லா மரத்தையும் கழிக்கத்தானே போகிறார்கள், யார் கொண்டுவந்தால் என்ன என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அலுவலக வேலை இருப்பதாகச் சாக்குச் சொல்லி அத்திக்கொல்லைப் பக்கமே போகாமல் இருந்தேன்.

பதினோரு நாள் போனது. அன்றைக்கு வேடியப்பன் மருந்துத் தெளிப்பானைத் திருப்பிக் கொடுக்க வந்தான். தாடி வளர்ந்திருந்தது. “செல்வி எப்டி இருக்குது?” என்று சும்மா கேட்டுவைத்தேன்.

“அது அவங்கம்மா வூட்ல இருக்குது சாரு. அம்மா அனுப்பிட்டாங்க.”

“ஏன்?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “கல்யாணக் காலு பட்டுப் போச்சு, சரிவுல மரமெல்லாம் சாவுது. அது வந்த நேரம்தான்னு ஊர்ல பேசிக்கிறாங்க. அம்மா மொதல்ல சண்ட போட்டாங்க ஊரோட. அப்பறம் அவங்களும் நம்ப ஆரம்பிச்சிட்டாங்க. நீங்க துணி கட்டிட்டுப் போன மறுநாளே கொண்டுபோய் வுட்டுட்டாங்க. திரும்பி வரச் சொல்ல மாட்றாங்க சாரு.”

நான் பூச்சியைக் கொண்டுவந்தது தெரியாமல் செய்தது. மறைத்தது தெரிந்தே செய்தது. அதற்கான தண்டனையை அந்தப் பெண் அனுபவித்துக்கொண்டிருந்தாள், என்னை அண்ணா என்று கூப்பிட்ட பெண். அவன் போன பிறகு உரக் கிடங்குக்குள் போய் அழுதேன். முகம் கழுவிக்கொண்டு மேடம் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பென்சிலைக் கீழே வைத்தார். “உங்க கிளையாலதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இது காத்துல வர்ற பூச்சி, இன்னும் ஒரு வருஷத்துல தானாவே மலையேறி இருக்கும்” என்றார். எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. “ஆனா நீங்க கட்டின வெள்ளைத் துணி காத்துல வந்ததில்ல. போய் மாத்திக் கட்டிட்டு வாங்க. மத்தது அப்புறம் பேசலாம்.”

அந்த வார்த்தையைவிட நாலு அறை வாங்கியிருக்கலாம்.

மறுநாள் காலை சிவப்புத் துணியோடு அத்திக்கொல்லைக்குப் போனேன். வாசலில் காளியம்மா சாமை புடைத்துக்கொண்டிருந்தார். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். வெள்ளைத் துணியை அவிழ்த்துவிட்டுச் சிவப்பைக் கட்டினேன். முடிச்சுப் போட வரவில்லை, இரண்டு முறை அவிழ்ந்தது.

“இன்னா சாரு, இப்ப வந்து கலர மாத்துறீங்க?”

“யம்மா, இதுதான் மொத மரம். இதுலேர்ந்துதான் எல்லாத்துக்கும் போயிருக்குது. என் கொல்லையில சீக்கு இருந்துச்சு, நான் பாக்காம வெட்டிக் கொண்டாந்து குடுத்துட்டேன். அன்னிக்கே தெரிஞ்சும் மறச்சு வெள்ளத் துணி கட்டிட்டேன். தப்பு என்னுது. செல்விமேல ஒண்ணும் இல்லம்மா.”

காளியம்மா முறத்தைக் கீழே வைத்தார். அவர் வாயிலிருந்து என்னவெல்லாம் வரும் என்று எனக்குத் தெரியும், அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

“அந்தப் புள்ள அழுதுக்கினே போச்சுடி” என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னார். “நான் ஒண்ணும் பண்ணலத்தை, ஒண்ணும் பண்ணலத்தைன்னு சொல்லிக்கினே போச்சு.”

எழுந்தார். புடவையில் ஒட்டியிருந்த உமியைக்கூடத் தட்டாமல் நடக்க ஆரம்பித்தார். நானும் பின்னாலேயே போனேன். இரண்டு மேடு ஏறி இறங்கினோம்.

செல்வி அவள் அம்மா வீட்டு வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். மாமியாரைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். காளியம்மா வாசலுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார்.

“மரத்துக்குத்தான் சீக்கு, கண்ணு. உனக்கு ஒண்ணும் இல்ல. எனக்குத்தான் புத்தி இல்ல. வூட்டுக்கு வா.”

செல்வி அழவில்லை. “கால வெட்டிட்டீங்களா அத்தை?” என்று கேட்டாள்.

“நீ தண்ணி ஊத்துன காலு. நீ இல்லாம எப்டி வெட்டுவோம்?”

மறுநாள் மேடம் வந்திருந்தார். பூச்சி பறக்காதபடி கல்யாணக் காலின் தலையில் பிளாஸ்டிக் சாக்கைக் கவிழ்த்து, வாயைக் கட்டி, அப்புறம்தான் வேடியப்பன் அடியில் வெட்டினான். வெட்டுவதற்கு முன் செல்வி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றினாள், யாரும் தடுக்கவில்லை. சீக்கு முற்றிய மற்ற மரங்களையும் அப்படியே வெட்டி, சாக்குகளை வெயில் பாறையில் மூன்று நாள் காயப் போட்டு, உள்ளே எல்லாம் செத்த பிறகு எரித்தோம். சரிவில் பாதிக்கு மேல் மரங்களைக் காப்பாற்ற முடியவில்லை. கொடிகளைப் பலாவிலும் சவுக்கிலும் மாற்றி ஏற்றினோம். மேடம் என்னைப் பற்றி மேலே எழுதி அனுப்பினார். எனக்கு ஒரு மெமோ வந்தது. எழுதியதை அனுப்புவதற்கு முன் என்னிடம் படித்துக் காட்டினார். நடந்ததைவிட ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை. மாற்றலாகிப் போகும்வரை அதற்கப்புறம் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

செல்வி என்னை அண்ணா என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். உண்மையைச் சொல்லி அவளை வீட்டில் சேர்த்த மனுஷன் என்று அந்தக் குடும்பம் எனக்கு மரியாதை கொடுத்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் மிளகு வந்தது. நானும் வாங்கிக்கொண்டேன். வாசலில் எல்லோர் முன்னாலும் தப்பை ஒப்புக்கொண்டவன், அவள் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் அம்மா வீட்டில் இருந்த அந்த நாட்களைப் பற்றி நாங்கள் பேசியதே கிடையாது.

சங்கீதாவின் போனுக்கு அப்புறம், போன வியாழக்கிழமை மலைக்குப் போனேன். காளியம்மா காலமாகி நாலு வருஷம் ஆகிறது. செல்வியின் மகள் செங்கத்தில் நர்சிங் படிக்கிறாள். செல்வி களத்தில் மிளகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். டீ கொடுத்தாள். குடித்து முடித்த பிறகு சொன்னேன்.

“செல்வி, அன்னிக்குத் துணி கட்டும்போதே எனக்குத் தெரியும். பயந்துக்கினு மறச்சேன். உங்கிட்ட இத்தினி வருஷமா மன்னிப்பு கேக்கல.”

அவள் மிளகைக் கிளறுவதை நிறுத்தவில்லை. “எனக்கும் அன்னிக்கே தெரியுங்கண்ணா.”

“தெரியுமா?”

“நான் உள்ள இருந்து பாத்துனுதான இருந்தேன். அந்த இலையப் பாத்துட்டு உங்க மூஞ்சி போன போக்குல தெரிஞ்சிச்சு.”

“அப்பறம் ஏம்மா நீ சொல்லல? சொல்லியிருந்தா உன்ன அனுப்பியிருக்க மாட்டாங்களே.”

“நான் சொன்னா யாரு நம்புவாங்க? தப்பிக்க உங்கமேல பழி போடறேன்னு சொல்லுவாங்க.” ஓரமாகச் சிதறிய மிளகைக் கூட்டிச் சேர்த்தாள். “அண்ணன் மொறைன்னு சொன்னாங்கல்ல. நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு எங்கம்மா வூட்டு வாசல்லயே ஒக்காந்துனு இருந்தேன்.”

“பதினோரு நாள் ஆக்கிட்டேனேம்மா” என்றேன்.

“பன்னண்டு” என்றாள் செல்வி.